பாலாற்று மணலில் இரண்டு நெருஞ்சி

அறுபத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். அப்போது நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். காலேஜில் தாவரவியல் படித்து, டீச்சர் வேலைக்கான பி.டி.யும் முடித்து, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் பட்டம் இருந்தது, தலையில் கொஞ்சம் கனமும் இருந்தது. பட்டத்தால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. நடந்ததெல்லாம் அந்தக் கனத்தால்தான்.

வீட்டில் மூன்று பேர். நெசவுக்காரர், அவர் மனைவி, நெசவுக்காரரின் தங்கை. மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தங்கை என்னைவிட நாலு வயது இளையவள். அவளுக்கு வருகிற திங்கட்கிழமை விடியற்காலையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆரணி.

முகூர்த்தத்துக்கு அவள் கட்டப்போகும் அரக்குக் கலர் கூரைப்புடவையை அண்ணனே நெய்திருந்தார். அண்ணனே என்று சொல்வது பாதிதான் சரி. காஞ்சிபுரம் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் தள்ளிக் கொடுத்தவள் கல்யாணப் பெண்தான். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அண்ணனும் தங்கையும் தறியில் இருப்பார்கள், சாயங்காலம் திரும்பும்போதும் இருப்பார்கள். அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அந்தத் தறிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். அதனால்தான் இரண்டு பேருக்கும் புடவையை முடிக்க மனசு வரவில்லை என்று அக்கா கேலி செய்வார். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்து, ஒரு வழியாக வியாழக்கிழமை தறியிலிருந்து அறுத்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க அக்கா எனக்கும் சேர்த்து நல்லெண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினேன். பாயில் புடவையை விரித்து வைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண், "டீச்சர், முந்தானைய வந்து பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். ஜரிகையில் ஒரு வரிசை மயில், அதற்குமேல் ஒரு வரிசை யாளி. வாயைப் பிளந்துகொண்டு இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன். கையில் கிண்ணம் இருப்பது அடியோடு மறந்துபோயிற்று.

எண்ணெய் முந்தானைக்குச் சற்றுத் தள்ளி, கரையை ஒட்டி விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அரக்கு கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் பரவியது. அண்ணன் வந்து நின்று பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கல்யாணப் பெண், "பரவால்ல டீச்சர், மடிப்புல மறைஞ்சிடும்" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

மூன்று நாளில் இன்னொரு புடவை நெய்ய முடியாது. கடையில் வாங்கலாம். ஆனால் அண்ணனோடு சேர்ந்து தானே நெய்த புடவையை வீட்டில் வைத்துவிட்டு அவள் கடைப்புடவையில் மணையில் உட்கார வேண்டுமா? எண்ணெய்க் கறையோடு கட்டிக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூந்திக்கொட்டை நுரையில் அலசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அக்கா தலையாட்டினார். "வேணாம்மா, புதுச் சாயம். எண்ணெய் போறப்போ சாயமும் கூடவே இறங்கிடும். ஆனை நெருஞ்சித் தண்ணில போட்டு எடுத்தா போதும். கறை இருந்த எடமே தெரியாது."

அந்தச் செடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் வழவழவென்று கெட்டியாகிவிடுமாம். பட்டை அதில் நனைத்து எடுத்தால் பிசுக்கெல்லாம் அதோடு போய்விடுமாம். வழக்கமாகத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுகிறவள் அந்த வாரம் வரவில்லை. அக்காவோ மறுநாள் மிச்சப் பத்திரிகைகளை வைக்க வெளியூர் போகவேண்டும்.

"நான் கொண்டுவரேன்" என்றேன்.

"பார்த்தா தெரியுமா டீச்சர்?" என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, நான் படிச்சதே செடிதான்" என்றேன்.

உண்மை என்னவென்றால், யானை நெருஞ்சியின் காயை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அதுவும் நாட்டு மருந்துக் கடையில், காய்ந்துபோன காய். பக்கத்து டப்பாவில் சாதாரண நெருஞ்சிக்காய் இருந்தது. இரண்டிலும் முள், இரண்டும் ஒரே மண் நிறம், ஒன்று சிறிது, ஒன்று பெரிது. ஒரே செடிதான், நல்ல மண்ணில் ஊட்டமாக வளர்ந்தால் காய் பெருத்துவிடுகிறது என்று நானே ஒரு முடிவு கட்டியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்துக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்த வாரம். நெருஞ்சி தரை முழுக்கப் படர்ந்து, மஞ்சள் பூவாகச் சிரித்துக்கொண்டிருந்தது. இருப்பதில் பெரிய கொடியாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினேன். விரலெல்லாம் முள் குத்தி ரத்தம். செய்த தப்புக்குப் பரிகாரம் செய்கிறோம் என்று அதில் ஒரு திருப்தி வேறு.

வீட்டில் கல்யாணப் பெண் அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அதில் அமுக்கிக் கலக்கினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தண்ணீர் கொஞ்சம் பச்சையானது, அவ்வளவுதான்.

"இப்படித்தான் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். எந்நேரமும் தறியில் இருந்தவள், இந்த வேலையெல்லாம் அக்கா பார்ப்பது. அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னும் ஊறணும்" என்றேன். இன்னும் ஒரு மணி நேரம் கலக்கினேன். பிறகு, வழவழப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், நனைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் டீச்சர் சொல்கிறாரே என்று புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறைப் பக்கத்தைக் கையில் சேர்த்துப் பிடித்து அண்டாவுக்கு மேலே கொண்டுபோனேன்.

யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். அக்கா. வெளியூரிலிருந்து திரும்பியவர், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். புடவையை வாங்கித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அண்டாவின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் முன்னால் விரித்தார். கை நிறைய முள்ளுக்காய்.

"பட்டு இதுல விழுந்திருந்தா இழை இழையா உருவி எடுத்திருக்கும்மா. அப்புறம் கறை எங்க, புடவை எங்க?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "இது வேற செடி டீச்சர். இது கொடி மாதிரி தரையில ஓடுறது. நான் சொன்னது இதில்ல" என்றார்.

அண்டாவை எட்டிப் பார்த்தேன். அடி முழுக்க முள்காய் கிடந்தது. எண்ணெய் கொட்டியது கைத்தவறு. இது அப்படியில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, ஒரு பெண்ணின் கூரைப்புடவையை முள்ளில் போடப் பார்த்தேன்.

ஆனை நெருஞ்சி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "செவிலிமேட்டுக்கு அந்தாண்ட, பாலாத்தங்கரையில நெறைய இருக்குதுன்னு செடி கொண்டாந்து போடுறவ சொல்லுவா. நான் போய் பார்த்ததில்ல. ஆனா கையில குடுத்தா தெரியும்" என்றார் அக்கா. மறுநாளும் நானே போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். கல்யாண வீட்டில் வேறு யாருக்கும் கை ஒழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நடக்க ஆரம்பித்தேன். செவிலிமேடு தாண்டி ஆற்றங்கரைக்குப் போனபோது நன்றாக வெளுத்துவிட்டது. பாலாற்றில் வழக்கம்போல் தண்ணீர் இல்லை, ஈர மணல்தான். கரையோரம் என் வயதே இருக்கும் ஒரு பெண் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஈயக் குண்டான். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா தேடிக்கினு இருக்குறீங்க?"

"ஆனை நெருஞ்சி" என்றேன். செடி படித்தவள் என்பதை இந்தத் தடவை சொல்லவில்லை.

அவள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அது பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருக்குறீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் வலது காலுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நெருஞ்சி, மணலோடு மணலாகப் படுத்திருந்தது. இடது காலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு செடி. அதுவும் மஞ்சள் பூ. அந்தச் செடிகளைத் தாண்டித் தாண்டித்தான் நான் அரை மணி நேரமாக நடந்திருக்கிறேன்.

அவள் வந்து உட்கார்ந்து, இரண்டிலும் ஒரு கிளையை ஒடித்து என் கையில் வைத்தாள். நெருஞ்சி இலை புளியங்கொழுந்து மாதிரி, ஒரு காம்பில் ஜோடி ஜோடியாகச் சின்னச் சின்ன இலை. மற்றது தனித்தனி இலை. தடிமனாக, ஓரம் அலை அலையாக வெட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மாவு தூவினது போல மினுமினுப்பு. "பூவ இழுத்துப் பாருங்க" என்றாள். நெருஞ்சிப் பூவை இழுத்தேன். ஐந்து இதழும் ஐந்து திசையில் உதிர்ந்தது. ஆனை நெருஞ்சிப் பூ அப்படியே ஒரு குழலாகக் கழன்று வந்தது. எள்ளுப் பூவுக்கு மஞ்சள் பூசினால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது எள்ளின் குடும்பம். காலேஜில் அந்தக் குடும்பத்தின் பெயரையும் இதன் லத்தீன் பெயரையும் மனப்பாடமாக ஒப்பித்து மார்க் வாங்கியிருக்கிறேன். நெருஞ்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பெயரும் இந்தச் செடியும் ஒன்று என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அவள் மணலைக் கையால் பறித்து, ஊறி வந்த தண்ணீரைக் குண்டானில் மொண்டாள். "காய கிள்ளிப் போட்டுடணும், இதுலயும் முள்ளு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நாலு கிளையைச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டு, ரசத்தைக் கலக்குவதுபோல நாலு சுற்று சுற்றினாள். அவ்வளவுதான் செய்தாள். பிறகு கிளைகளை மெதுவாகத் தூக்கினாள்.

தண்ணீரும் கூடவே எழுந்து வந்தது.

கிளைக்கும் குண்டானுக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் கயிறாக நின்றது. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கெட்டி, ஆனால் கண்ணாடியாகத் தெளிவு. இளவெயில் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. அடுப்பு இல்லை, மருந்து இல்லை, இடித்துப் பிழியவும் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அது சாதாரண ஆற்றுத் தண்ணீர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலேஜ் லேபில் மூன்று வருஷம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்பது போல நின்றேன். அவளுக்கு நான் நின்ற விதம் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும்.

"கைய விட்டுப் பாருங்கம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றாள். விட்டேன். குளிர்ச்சியாக, வழவழவென்று விரலுக்கு விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. வெயில் காலத்தில் உடம்புச் சூட்டுக்கு இதை மோரில் கலந்து குடிப்பார்களாம். "இன்னொரு கிளை போட்டுச் சுத்துங்க" என்று நான் குழந்தை மாதிரி கேட்டேன். சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள்.

எதற்கு என்று அப்புறம்தான் கேட்டாள். எண்ணெய் கொட்டியது, முள் அண்டா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "அய்யே" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். இன்னா கலர் என்று கேட்டாள். அரக்கு என்றேன். உடனே எழுந்து, அரிவாளை வைத்து ஒரு பெரிய கட்டாக அறுத்து, புல்லையே கயிறாக முறுக்கிக் கட்டி என் இடுப்பில் ஏற்றினாள். "நிக்காம போயிடுங்க. வாடிச்சுன்னா அவ்வளவு வராது. கலக்கின தண்ணியையும் வெச்சுக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள பழையபடி வெறும் தண்ணியாயிடும்" என்றாள். நீயும் வந்து புடவையைப் பாரேன் என்று கூப்பிட்டேன். "நான் எதுக்கும்மா அங்க? மாடு கத்திக்கினு இருக்கும்" என்று மறுபடி குனிந்து புல் அறுக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதுதான்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காய்களைக் கிள்ளி எறிந்தோம். கலக்கினோம். கெட்டியான தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு அண்டாவில் ஊற்றினோம். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் தண்ணீர்க் கோடு விழும் என்று முழுப் புடவையையும் அக்கா மெதுவாக இறக்கினார். நான் ஒரு முனை, கல்யாணப் பெண் ஒரு முனை. தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரின் மேல் எண்ணெய் கண் கண்ணாக மிதந்து வந்தது. கிணற்றுத் தண்ணீரில் மூன்று தடவை அலசி நிழலில் பிடித்துக் காயவைத்தோம். அண்ணன் வந்து இரண்டு கையாலும் புடவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "கறை எங்க பட்டுச்சு?" என்று தங்கையைக் கேட்டார். அவளும் தேடினாள். நானும் தேடினேன். மூன்று பேருக்கும் அந்த இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் அவள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணைக்கு வந்தாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, கெட்டிமேளம் முடியும்வரை அழுதுகொண்டிருந்தேன். டீச்சருக்கு ரொம்ப இளகின மனசு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

இதுவரை சொல்லாமல் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் வகுப்பில் விதை பரவும் பாடம் நடத்தியபோது, யானை நெருஞ்சியும் நெருஞ்சியும் ஒரே செடிதான் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். பரீட்சையிலும் கேட்டேன். அத்தனை பேரும் நான் சொன்னபடியே எழுதினார்கள். நானும் சரி என்று போட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய் இரண்டு செடியையும் புதிதாகப் பறித்துக்கொண்டு அந்தப் பெண்களின் வகுப்புக்குப் போனேன். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஆனை நெருஞ்சிக் கிளையைப் போட்டுக் கலக்கித் தூக்கிக் காட்டினேன். போன வருஷம் நான் சொன்னது தப்பு, நோட்டில் அடித்துவிடுங்கள் என்றேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வகுப்பு ஆச்சரியப்படும் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"தெரியும் டீச்சர். எங்க வீட்டுல அதுலதான் பட்டு அலசுவாங்க."

"போன வருஷமே தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. பின் ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க போர்டுல எழுதிட்டீங்களே டீச்சர்" என்றாள் அவள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

புடவை முள்ளில் விழ இருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த அக்கா இருந்தார். வகுப்பில் என்னைப் பிடித்து நிறுத்த அத்தனை பேர் இருந்தும், அதற்கு நான் இடமே கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு பாடம் முடிந்ததும், "இதை உங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, யாராவது ஒருத்தி எழுந்திருக்கும்வரை சாக்பீஸைக் கீழே வைத்துக் காத்திருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.